அவகாஷ் என்றால் லீவு

நம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு இணைப்பை அனுப்பியிருந்தீர்கள். பழைய விஞ்ஞானக் கதைகளைப் படிக்க வைத்தால் குழந்தைகளுக்குக் கடினமான ஆங்கில வார்த்தைகள் தானாகப் படிந்துவிடுமாம். வார்த்தைக்கு அடியில் கோடு போட்டு, அர்த்தம் சொல்லிக்கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்க வேண்டுமாம். ஆளாளுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலை அங்கேயே தட்ட ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. என் வயசுக்காரர்கள்தானே, உட்கார்ந்து படியுங்கள்.

என் அப்பா இதையெல்லாம் அப்போதே செய்தவர். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாவது படித்தபோது. புனே விஷ்ராந்த்வாடியில் நம் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டி ஆளந்தி ரோட்டுக்குப் போனால் ரத்திக் கடை ஒன்று இருந்ததே, பழைய பேப்பரும் பாட்டிலும் எடைக்கு எடுப்பானே, அவனிடம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி வந்தார். யாரோ வெள்ளைக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய விஞ்ஞானக் கதைகள். அட்டை கிடையாது. பிரித்தால் மண்ணெண்ணெய் வாடையும் கரப்பான் பூச்சி வாடையும் சேர்ந்து வரும்.

அப்பா சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நீளமான வார்த்தைகளுக்குக் கோடு போட்டுவிடுவார். நான் அவற்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும். பனிமலைக்குள் ஒரு ஊர் உறைந்து கிடக்கிறது, ஒருவன் போய் அதன் கதவைத் தட்டுகிறான். அடுத்தது என்ன என்று நான் பக்கத்தைத் திருப்புவேன். அப்பா புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிடுவார்.

"கதையைப் படிச்சு நேரத்தை வீணாக்காத. வார்த்தையைப் படி."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கதவை யார் திறந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'இன்ஸ்க்ரூட்டபிள்' என்றால் புரிந்துகொள்ளவே முடியாதது என்று தெரியும். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவைகூட அதைச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வரவில்லை. இதில் உச்சரிப்பு வேறு. 'கேயாஸ்' என்ற வார்த்தையை அப்பா 'சாவோஸ்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார். அதை நான் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். அந்த வருஷம் முழுக்க எனக்குச் சாவோஸ் என்றுதான் பெயர். உங்களில் சிலரும் அப்படிக் கூப்பிட்டீர்கள், மறக்கவில்லை.

அவருக்கு இங்கிலீஷ் ஏன் அத்தனை அவசரம் என்றால், நாங்கள் அடுத்த வருஷம் மெட்ராஸுக்குப் போகப்போகிறோம். இது எனக்கு நினைவு தெரிந்த நாளாக வீட்டில் இருந்த செய்தி. ஆவடிக்கு டிரான்ஸ்பர். ஒவ்வொரு வருஷமும் எழுதிப் போடுவார், ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் ஆகும். அதனால் எங்கள் வீட்டில் கட்டில் வாங்கவில்லை, பீரோ வாங்கவில்லை. டிவி வந்த அட்டைப்பெட்டியும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியும் பரணில் அப்படியே இருந்தன. அம்மாவின் கல்யாணக் குத்துவிளக்கு ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கோலில் கிடந்தது. அந்தப் பெட்டியின்மேல் கறுப்புப் பெயின்டில் ஆவடி என்று அப்பா முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கார்த்திகைக்குக்கூட அம்மா அகல்தான் ஏற்றுவாள்.

பள்ளிக்கூடத்தில் மராத்தியும் ஒரு பாடம். பாஸ் மார்க் வாங்கினால் போதும், அதற்குமேல் வாங்கினால் திட்டுவார். "நாளைக்கே ஆர்டர் வந்தா இந்த மராத்தியை வெச்சிக்கிட்டு ஆவடியில என்னா பண்ணுவ?"

ஆனால் எனக்கு வார்த்தைகள் வந்தது மராத்தியில்தான். கொடுத்தது எங்கள் கீழ்வீட்டுப் பெண். என் வகுப்புத்தான், இரட்டைப் பின்னல், முழங்காலில் எப்போதும் ஒரு பொருக்கு. அவளுடைய அம்மா ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தாள். கிழிந்துபோய்க் கழித்துவிட்ட புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதில் பாதி, வெளிநாட்டு விஞ்ஞானக் கதைகளின் பழைய மராத்தி மொழிபெயர்ப்புகள். மாடிப்படி திரும்பும் இடத்தில் சிமென்ட் ஜன்னல் ஒன்று உண்டல்லவா, மதியம் அங்கே கட்டம் கட்டமாக வெயில் விழும். அதில் உட்கார்ந்து அவள் சத்தமாகப் படிப்பாள். எழுத்தும் பேச்சும் எனக்குத் தெரியும், புத்தக வார்த்தைகளுக்குத்தான் அர்த்தம் தெரியாது. புரியாத வார்த்தை வந்தால் அவள் அகராதி தேடமாட்டாள். செய்து காட்டுவாள்.

'போக்ளீ' என்றால் என்ன என்று கேட்டேன். வீட்டுக்குள் ஓடிப்போய் காலியான ஜோவார் மாவு டப்பாவைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தாள். உள்ளே இருட்டு, மாவுத் தூசி, என் மூச்சுச் சத்தம் மட்டும். "ஹீச் போக்ளீ" என்றாள் வெளியிலிருந்து. வெற்றிடம். 'குருத்வாகர்ஷண்' என்றால் புவியீர்ப்பு, அதற்கு அவள் அம்மாவின் சாவிக்கொத்தைப் படிக்கட்டுச் சந்து வழியாகக் கீழே போட்டாள். சாவி தரையில் விழுந்த சத்தமும் அவள் அம்மா போட்ட கூச்சலும் சேர்ந்து அந்த வார்த்தை எனக்கு மறக்கவே இல்லை. 'அவகாஷ்' வந்தபோது மட்டும் அவளுக்குக் காட்ட எதுவும் கிடைக்கவில்லை. என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய்த் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். மேலே, அதற்கும் மேலே, காற்றும் தீர்ந்துபோன இடத்திலிருந்து தொடங்குவது. அண்டவெளி. மராத்தியில் அவகாஷ் என்றால் அதுதான், ராக்கெட்டுக்கு அவகாஷ்யான். அவள் கையில் தேங்காய் எண்ணெய் வாடை அடித்தது.

அந்த ஆடி மாதத்தில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதாவது, வந்ததாக ஒரு டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். உண்மையில் அப்பா சிபாரிசு பிடிக்க மெட்ராஸுக்கு ரயிலேறியிருந்தார். ஆபீஸுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் மருத்துவ விடுப்பு. அவருடைய செக்ஷன் ஆபீஸர் நம் எதிர் பிளாக்கிலேயே இருந்தாரே, அந்தப் பயம் வேறு. ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை போட்டு, அப்பாவின் செருப்பை வாசலில் வைத்தோம், ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்கு. யார் கேட்டாலும் தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். கீழ்வீட்டு ஆயி, அதாவது என் தோழியின் அம்மா, காமாலைக்கு நல்லது என்று தினமும் ஒரு சொம்பு கரும்புச்சாறு அனுப்பினாள். "சாஹேப் கஸே ஆஹேத் ஆதா?" என்று வாசலில் நின்று அப்பாவின் உடம்பைப் பற்றிக் கவலையோடு கேட்பாள். கரும்புச்சாற்றை நான்தான் குடித்தேன். என் தோழியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போயிருந்தார்.

அந்த மூடிய வீட்டுக்குள் உட்கார்ந்துதான் நான் ஒரு கதை எழுதினேன். மராத்தியில், நானே. பிள்ளையார் சதுர்த்திக்கு நம் பந்தலில் கதாகதன் போட்டி நடக்குமே, பிள்ளைகள் மைக் முன்னால் நின்று நடித்துக் கதை சொல்வது, அதற்காக. அதுவரை தமிழ்ப் பிள்ளைகள் யாரும் அதில் சேர்ந்ததில்லை. நாம் எல்லாம் மாறுவேடப் போட்டியில் பாரதியார் மீசை வைத்துக்கொண்டு நிற்பதோடு சரி. எனக்கு அந்த மைக் வேண்டும் என்று இருந்தது. வேறு எதையும் அந்த வயதில் நான் அப்படி ஆசைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

கதை இதுதான். ஜன்னல் இல்லாத ஒரு கப்பலுக்குள் குழந்தைகள் வளர்கிறார்கள். நாம் நட்சத்திரம் ஒன்றை நோக்கிப் பறந்துகொண்டிருக்கிறோம், அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று கப்பல் தலைவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். எல்லோரும் மூட்டையைக் கட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் ஒரு சிறுமிக்கு மழை வாடை வருகிறது. அவகாஷில் மழை பெய்யாதே என்று அவள் யோசிக்க ஆரம்பிக்கிறாள். கப்பல் ஒருநாளும் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. சுற்றி இருக்கும் அவகாஷ் பொய். தலைப்பு வைத்தது கீழ்வீட்டுக்காரி: கோட்டா அவகாஷ். பொய்யான அண்டவெளி. மாடிப்படியில் அவளிடம் சொல்லிச் சொல்லி இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயது. ராக்கெட் கதை எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திரும்பி வந்தார். ஆர்டர் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் ஷெல்ஃபில் இருந்த என் தாள்கள் அவர் கண்ணில் பட்டன. அப்பாவுக்கு இந்தி படிக்க வரும், ஆபீஸ் பரீட்சை எழுதி அதற்கு இன்கிரிமென்ட்கூட வாங்கியவர். ஆபீஸ் இந்தியில் அவகாஷ் என்றால் லீவு. லீவு விண்ணப்பத்தின் தலையிலேயே அந்த வார்த்தைதான் இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. கோட்டா என்றால் பொய் என்பது புனேயில் காய்கறி வாங்குகிற எவருக்கும் தெரியும்.

மகள் 'பொய் லீவு' என்று தலைப்புப் போட்டு ஒரு கதை எழுதியிருக்கிறாள். உள்ளே வரிக்கு வரி அவகாஷ், அவகாஷ். தலைவன் பொய் சொன்னான் என்று வேறு ஒரு வரி. நாளைக்கு இதை மைக்கில் சொல்லப்போகிறாள், முதல் வரிசையில் செக்ஷன் ஆபீஸர் நடுவராக உட்கார்ந்திருப்பார். அவர் அப்படித்தான் படித்தார்.

நான் அறைக்குள் வந்ததுதான் தெரியும், கன்னத்தில் விழுந்தது.

"யாருடீ எழுதச் சொன்னா உன்னை? கீழ்வீட்டுக்காரிங்க சொல்லிக்குடுத்தாங்களா?"

"அப்பா, அது ராக்கெட் கதைப்பா. அவகாஷ்னா ஸ்பேஸ்."

"அவகாஷ்னா லீவு. எனக்கே ஹிந்தி கத்துக்குடுக்கிறியா நீ?"

"மராத்தில வேறப்பா."

அம்மா நடுவில் வந்தாள், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "அவகாசம்னா டைமுதானேங்க? டைம் இல்லன்னு ஏதோ எழுதியிருக்கா போல. விடுங்களேன்."

"நீ வாயை மூடு."

ஒரே வார்த்தை. மூன்று பேர், மூன்று அர்த்தம், என்னுடையது மட்டும் செல்லாது. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக என்னை வறுத்தெடுத்த மனிதர், ஒரு வார்த்தைக்கு இன்னொரு மொழியில் இன்னொரு அர்த்தம் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இரண்டு மாடி இறங்கிப்போய்க் கீழ்வீட்டில் கேட்டிருக்கலாம். அவளிடம் புத்தகம் இருந்தது. தாள்களை நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, அடுக்களையில் கரி துடைக்கும் துணிகளோடு போட்டார். அடியைவிட அது எரிந்தது. அடி நாம் எல்லோரும் வாங்கியதுதான்.

மறுநாள் அவரே போய் எனக்கு ஜுரம் என்று பந்தலில் சொல்லிவிட்டு வந்தார். ஆக, எனக்கும் ஒரு பொய் லீவு.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நம் பந்தலின் ஒலிபெருக்கி ஒன்று எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் கட்டியிருக்கும், அது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆரத்தி முடிந்து கற்பூர வாடை மேலே வரை வந்தது. போட்டி ஆரம்பித்தது. பட்டியலிலிருந்து என் பேரை யாரும் அடிக்கவில்லை போலிருக்கிறது. மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். பிறகு யாரோ மைக்கைத் தட்டும் சத்தம், அதன் பின்னால் எனக்குத் தெரிந்த குரல்.

"ஹீ கோஷ்ட் மாஜீ நாஹீ. மாஜ்யா மைத்ரிணீசீ ஆஹே."

இது என் கதை இல்லை, என் தோழியின் கதை. அவளுக்கு உடம்பு சரியில்லை, அவளுக்காக நான் சொல்கிறேன். அப்புறம் தலைப்பைச் சொன்னாள்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. கீழே போய் நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கதை போய்க்கொண்டிருந்தது. நட்சத்திரம் என்றாள், குருத்வாகர்ஷண் என்றாள், ராக்கெட் கிளம்பும் சத்தத்தை வாயாலேயே செய்தாள், பந்தல் முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. செக்ஷன் ஆபீஸரின் கனத்த சிரிப்பும் அதில் தனியாகக் கேட்டது. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. லீவு இல்லை. ஆகாயம். அவர் கண் மெதுவாக என் பக்கம் வந்தது, உடனே தரைக்குப் போனது.

கப்பல் தலைவன் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லும் இடம் வந்தது. அதை அவள் மூக்கால் பேசி நடிப்பாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரும் மூட்டை கட்டி வைத்திருக்கும் இடம் வந்தது. அம்மாவின் கத்தி நின்றது. பரணில் ஆவடி என்று எழுதிய பெட்டி எங்கள் மூன்று பேர் தலைக்கும் மேலே இருந்தது. சிறுமிக்கு மழை வாடை வந்தபோது அப்பா எழுந்தார்.

என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போகப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், செருப்பு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துக்கொண்டேன். இரண்டே மாடி. கதை பாதியில்தான் இருந்தது. அவகாசம் இருந்தது, அம்மாவின் தமிழ் அவகாசம். எனக்கு ஜுரம் விட்டுவிட்டது என்று சொன்னால் முடிந்தது.

அப்பா ஜன்னலைச் சாத்தினார். கொக்கியை மாட்டினார். "தலை வலிக்குது" என்றார்.

அடித்ததை மன்னித்துவிட்டேன், தாளைக் கிழித்ததைக்கூட. அவருக்குப் பயம், தெரியாமல் செய்தார். ஜன்னலைச் சாத்தியது தெரிந்து செய்தது. அதை நான் மன்னிக்கவில்லை, இந்த வயதில் மன்னிக்கப்போவதும் இல்லை.

முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். மறுநாள் காலை அவள் அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள், உள்ளே நாலு மோதகம். அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு என்று அப்பா திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மோதகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவைக் கொடுத்தேன். என் கதைக்குக் கிடைத்த டப்பா. அவள் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அடுத்த கோடையில் அவர்கள் நாசிக்குப் போய்விட்டார்கள், அந்தப் புத்தகங்களும் போய்விட்டன. எங்களுக்குத்தான் போக ஊர் இருந்தது, போனவர்கள் அவர்கள்.

ஆர்டர் கடைசிவரை வரவில்லை. அப்பா புனேயிலேயே ரிடையர் ஆனார். நான் ஹடப்சரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வீடு வாங்கி, அவரையும் கூட்டிவந்துவிட்டேன். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. குத்துவிளக்கை அவள் காரியத்தன்றுதான் வைக்கோலிலிருந்து எடுத்தோம், பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஆவடிப் பெட்டியில் இப்போது குளிர்காலக் கம்பளிகள் இருக்கின்றன. நான் அதற்குப் பிறகு ஒரு கதையும் எழுதவில்லை. எழுதியிருப்பேனா என்று கேட்காதீர்கள், தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் சேர்ந்துதான் கரித்துணியோடு போனது.

உங்கள் இணைப்பு வந்த அதே வாரம். அப்பா கூடத்தில் மராத்திச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, மராத்தியும் நன்றாகவே வந்துவிட்டது. ஏதோ விண்கலம் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டதாம். அவகாஷ்யான், அவகாஷ்வீர் என்று அறிவிப்பாளர் பேசிக்கொண்டே போனார். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கதையில கடைசியா என்னா ஆச்சும்மா?"

"எந்தக் கதை?"

"உன் கதைதான். அந்தப் பொண்ணுக்கு மழை வாடை வரும் இல்ல. அப்புறம்?"

இத்தனை வருஷம் அந்தக் கதை அவருக்குள் இருந்திருக்கிறது.  எனக்குச் சந்தோஷம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

"கதவைத் திறப்பாப்பா."

"வெளிய என்னா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ரோடு. மழை பெஞ்சி ஈரமா இருக்கும். ஒருத்தன் வண்டி தள்ளிக்கிட்டு 'மேத்தி க்யா, பாலக் க்யா'ன்னு கீரை வித்துக்கிட்டுப் போவான். அவங்க அத்தனை வருஷமும் புனேயிலதான் இருந்தாங்க."

அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். 

"இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

சொல்வதற்குத்தான் கீழே மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள்.